பட்டியலில் 2016, பாட்டிலில் 2014: சிங்கப்பூரில் ஒயினுக்காக உணவகம் தேடுவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் "ஒயின் பட்டியல் பிரமாதம்" என்று நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டிருப்பதைப் பார்த்து மேசை பதிவு செய்யப் போகிறவர்கள், ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தஞ்சோங் பாகர் வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டில் நடக்கிறது, அது போதும். அங்கே அப்படிப்பட்ட கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

மனைவியின் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒயின் பித்து. "மாப்ள, நம்ம ஊர்ல வெளிநாட்டு பாட்டிலுக்கு வரி போட்டே கொன்னுடுறாங்க. இங்க ஒரு நல்ல பரோலோ குடிச்சுப் பாத்துடணும்" என்றார். பரோலோ என்பது இத்தாலியின் பியட்மாண்ட் வட்டாரத்துச் சிவப்பு ஒயின். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒயினுக்கான கலால் வரி விலையைப் பார்ப்பதில்லை, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைத்தான் பார்க்கிறது. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்). 14 விழுக்காடு கொண்ட 750 மி.லி. பாட்டில் என்றால் 9 வெள்ளிச் சொச்சம். இருபது வெள்ளி பாட்டிலுக்கும் அதே வரி, இருநூறு வெள்ளி பாட்டிலுக்கும் அதே வரி. அதனால் இங்கே மலிவான ஒயின் குடிப்பவருக்குத்தான் அடி, நல்ல ஒயின் குடிப்பவருக்கு அவ்வளவு இல்லை.

சரி, கடைக்கு வருவோம். வாசலில் ஒரு ஒயின் பத்திரிகையின் விருதுப் பலகை. உள்ளே தோல் அட்டை போட்ட பட்டியல், திருமண ஆல்பம் மாதிரி கனம். முதலில் 95 வெள்ளிக்கு ஒரு லாங்கே நெபியோலோ கேட்டேன். "தீர்ந்துவிட்டது சார்." அடுத்து 140 வெள்ளியில் ஒரு பார்பரெஸ்கோ. அதுவும் தீர்ந்துவிட்டதாம். பரிமாறுபவர் பக்கத்தைத் திருப்பி, 240 வெள்ளி பரோலோ 2016இல் விரலை வைத்தார் (2016 என்பது திராட்சை அறுவடையான ஆண்டு). "அதே திராட்சைதான் சார், ஆனால் இது ராஜா." அதே திராட்சை என்பது உண்மை. மூன்றுமே பியட்மாண்ட்டின் நெபியோலோ திராட்சையில் செய்தவை. 2016 அந்த வட்டாரத்துக்கு அருமையான ஆண்டு என்பதும் உண்மை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், சரி என்றேன். பக்கத்தைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்தத் தயாரிப்பாளரைப் பற்றிப் படிக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

பாட்டில் வந்தது. கார்க்கை உள்ளேயே எடுத்துவிட்டார்கள். கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை வெள்ளைத் துணி. யாருக்கும் காட்டாமல், ருசி பார்க்கச் சொல்லாமல், நான்கு கிண்ணத்திலும் மடமடவென்று ஊற்றினார். "பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கித் துணியை விலக்கினேன். தயாரிப்பாளர் அதே பெயர்தான். ஆண்டு 2014.

கேட்டதும் அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "2014 சார், இன்னும் ரெண்டு வருஷம் பழசு. ஒயின் பழசாக ஆகத்தானே நல்லது?"

நிறையப் பேர் விழுவது இந்த இடத்தில்தான். பழசு என்பதாலேயே ஒயின் உயர்ந்தது ஆகிவிடாது. அந்த ஆண்டு மழை எப்படி, வெயில் எப்படி என்பதுதான் கணக்கு. 2014 கோடையில் பரோலோ பகுதியில் மழை கொட்டியது, சில இடங்களில் ஆலங்கட்டியும் விழுந்தது. நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பொதுவாகச் சந்தையில் அது 2016ஐ விட விலை குறைந்த ஆண்டு. 2016 விலைக்கு 2014ஐ விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மேலாளர் வந்தார். சரக்கு மாறிவிட்டதாம், பட்டியலை இன்னும் அச்சடிக்கவில்லையாம். அப்போ விலை? விலை அதேதானாம். படத்தைக் காட்டினேன். "உங்களுக்கு ஒரு தீராமிசு கடை செலவில் தருகிறோம்" என்றார், அது ஓர் இத்தாலிய இனிப்பு. தீராமிசு வேண்டாம், 2014க்கு என்ன விலையோ அதைப் போடுங்கள் என்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 60 வெள்ளி குறைப்பதாகச் சொன்னார்.

இதற்கிடையில் ஒயின் வேறு வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், சன்னலை ஒட்டிய அலமாரியில் பாட்டில்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன, மாலை வெயில் நேராக அவற்றின் மேல். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது, நம் 30 டிகிரிக்குச் சொன்னதில்லை. 16 முதல் 18 டிகிரி இருந்தால் சரியாக இருக்கும். ஐஸ் வாளி கேட்டதற்கு, "ரெட் ஒயினுக்கா சார்?" என்று ஒரு சிரிப்பு. ஒயின் பட்டியலுக்கு விருது வாங்கிய கடையில்!

பில் வந்தது. அதிலும் ஒரு வேலை. 60 வெள்ளியைக் கடைசியில்தான் கழித்திருந்தார்கள், 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும் அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் முழு 240க்கும் போட்டிருந்தார்கள். "விடு மாப்ள" என்றார் அண்ணன். விடவில்லை. நின்று திருத்த வைத்துத்தான் வந்தேன். தண்ணீருக்கு ஒரு பாட்டில் 12 வெள்ளி போட்டதைப் பற்றிப் பேசவே தெம்பில்லை.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இந்த "பிளஸ் பிளஸ்" கணக்கு, அதாவது போட்ட விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேருவது, புரிவதில்லை. சாதாரணக் கடைகள் ஜிஎஸ்டியைச் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு, ஓர் அறிவிப்பு வைத்தால் போதும். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போடுவார்கள் என்பதால், 240 என்று போட்ட பாட்டில் உண்மையில் 287 வெள்ளி 76 காசு.

அந்த விருதுப் பலகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர் மிலான் நகரில் இல்லவே இல்லாத ஓர் உணவகத்தின் பெயரில் ஒயின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, 250 டாலர் கட்டணத்தோடு 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைக்கு அனுப்பினார். 'அவார்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்' கிடைத்துவிட்டது. அந்தப் பத்திரிகையே முன்பு மட்டமான மதிப்பெண் கொடுத்த ஒயின்கள்தான் அதில் விலை உயர்ந்த பகுதியை நிரப்பியிருந்தன. கடைக்காரர் அனுப்பும் காகிதத்தைப் பார்த்துத் தருகிற விருது அது. அதே பத்திரிகையின் 'கிராண்ட் அவார்ட்' வேறு ரகம், அதற்கு நேரில் வந்து பார்க்கிறார்கள். பலகையைப் பார்த்தால் எந்த விருது, எந்த ஆண்டு என்று கிட்டப் போய்ப் படியுங்கள்.

நான் இப்போது பட்டியலின் கனத்தைப் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் பெயர் இல்லாமல் "ஷாப்ளி, வெள்ளை" என்று ஒரு பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தின் பெயரை மட்டும் மொட்டையாகப் போட்டிருந்தாலோ, ஆண்டே போடாமல் விட்டிருந்தாலோ அந்தக் கடையில் பீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். பேனாவால் அடித்துத் திருத்திய பட்டியல் என்றால் எனக்கு நம்பிக்கை வருகிறது, யாரோ நிஜமாகவே சரக்கை எண்ணிப் பார்க்கிறார்கள். மலிவான பாட்டில் இரண்டு அடுத்தடுத்துத் தீர்ந்துவிட்டது என்றால், "இதே விலையில் என்ன இருக்கிறது?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சமே வேண்டாம். நல்ல சொமெலியே, அதாவது உணவகத்தின் ஒயின் நிபுணர், அந்த விலையை மதித்து ஒன்றைக் காட்டுவார். பாட்டிலை மூடியோடு கொண்டுவந்து, பெயரையும் ஆண்டையும் காட்டி, உங்கள் கண்ணெதிரே திறக்க வேண்டும். வேறு ஆண்டு என்றால் திறப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். திறந்த பிறகு பேசினால் பேச்சு நீளும், எங்களுக்கு நடந்த மாதிரி.

ஏமாற்றியது உறுதி என்றால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். பட்டியலின் படம், பாட்டிலின் படம், பில் மூன்றும் கையில் இருக்கட்டும். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றமும் உண்டு. 60 வெள்ளிக்கு அங்கே ஏற யாருக்குப் பொறுமை என்பது வேறு கதை, கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

அண்ணன் அடுத்த முறை வரும்போது இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மலேசியாவைத் தவிர வேறு எங்கிருந்து வந்தாலும், 48 மணி நேரமாவது வெளியே இருந்துவிட்டு வந்தால், இரண்டு லிட்டர் வரை ஒயினை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆக சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போதே இரண்டு பாட்டில். அப்புறம், வெளிப் பாட்டிலை அனுமதிக்கும் உணவகமாகப் பார்த்து, கார்க்கேஜ் (நம் பாட்டிலைத் திறந்து பரிமாறக் கடை வாங்கும் கட்டணம்) எவ்வளவு, அது பாட்டிலுக்கா மேசைக்கா, அதற்கும் பிளஸ் பிளஸ் உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போவோம்.