கிளை அள்ள வந்த லோரியும் என் 1,370 வெள்ளியும்: குளுகோர் பக்கம் மரம் வெட்ட ஆள் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்குத் தீவில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கார்னர் வீட்டுக்காரர்கள், இதைக் கடைசி வரை படியுங்கள். வெட்டிப்போட்ட கிளைகளை அள்ளிக்கொண்டு போகிறேன் என்று வந்த ஓர் ஆளிடம் நான் ஏமாந்த கதை இது. பணத்தோடு போயிருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். அமலாக்க அதிகாரி என் பெயரைச் சொல்லி போன் செய்கிற அளவுக்குப் போனதால்தான் எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 18 ஞாபகம் இருக்கிறதா? ஜார்ஜ்டவுனில் மரம் சாய்ந்து சீனாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த இரண்டு பேர் இறந்தார்களே, அதே நாள். அன்றைய காற்றில் எங்கள் ரம்புத்தான் மரத்தின் பெரிய கிளை பிளந்து, துணி காயப்போடும் நீலக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. முருங்கை பாதியாய் முறிந்தது. தென்னையிலிருந்து ஏழெட்டு மட்டை. வீட்டுக்காரர் முட்டி ஆபரேஷன் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். நானும் மகனும் பாராங் கத்தியை எடுத்து முடிந்த அளவு வெட்டிப் பின்வேலி ஓரமாய்ப் போட்டோம். கையோடு காகிதப்பூவையும் கழித்து அதன் மேலேயே எறிந்தோம். அது முட்டாள்தனம். முள் கலந்த குவியலை அப்புறம் யாராலும் கையால் தொட முடியவில்லை.

பன்னிரண்டு அடி நீளம், நெஞ்சு உயரம். வாடினால் தானே அமுங்கிவிடும் என்று நினைத்தேன். இலைதான் உதிர்ந்தது. கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துக்கொண்டு அப்படியே நின்றன. மூன்றாவது வாரம் அம்மா வேலியோரம் ஒரு பாம்புச் சட்டையைக் குச்சியால் தூக்கிக் காட்டினார். அம்மாவுக்கு 81 வயது, கண் இன்னும் கூர்மை. அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. தீபாவளி வேறு அக்டோபர் 31.

கோலாலம்பூரில் இருக்கும் தங்கை, "கட்டி வாசல்ல வைக்கா, எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள். அவளுக்குச் சரி. அங்கே 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிச் சாமானும் தோட்டக் கழிவும். பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. இங்கே எல்லாம் மாநகராண்மைக் கழகத்தின் கையில். அவர்களுக்கு ஒரு போன் போட்டு முறை என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீசைப் பார்த்து வாட்சாப் அனுப்பினேன்.

நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "ஒரு லோரிக்கா. எல்லாம் சேர்த்து நானூத்தம்பது வெள்ளி. கூட்டிப் பெருக்கியும் குடுத்துருவோம்." முன்பணம் 200 வெள்ளியை டூயிட்நவ்வில், அதாவது போன் வழியே வங்கியிலிருந்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்பும்போது திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். அது யார் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வந்தது பழைய ஒரு டன் லோரி, கூட இரண்டு பையன்கள். வந்ததும் முதலில் படம் எடுத்தார். குவியலை எடுத்தார், வேலியை எடுத்தார், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவை நகரச் சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்தார். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது. முதலில், "எதுக்கு லோரிக் காசு, பின்னாடியே கொளுத்திரலாங்கா, அம்பது வெள்ளி குறைச்சுக் குடுங்க" என்றார். முடியாது என்றேன். 2022 ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து, பள்ளிக்கூடமெல்லாம் மூடி, நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்ததை மறக்க முடியுமா? 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம், ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. 29பி பிரிவு இன்னும் மோசம்: தீ வைத்தது யாராக இருந்தாலும், அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் அல்லது அங்கே குடியிருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். அவர் கொளுத்திவிட்டு லோரி ஏறிப் போயிருப்பார். பொம்பா, அதான் தீயணைப்புப் படை, வந்து நிற்பது என் வாசலில்.

அடுத்து மாமரம். "இதுவும் சாயுதுக்கா, வேரோட எடுத்துரலாம், முந்நூறு." சாயவில்லை, இருபது வருஷமாக அப்படித்தான் நிற்கிறது. பினாங்கில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் போன மரத்தைச் சொந்த நிலத்திலேயே வெட்டுவதென்றாலும் எழுத்து அனுமதி வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறது. செத்த மரம், உடனடி ஆபத்தான மரம் என்றால் வேறு கதை. நான் தையல் டேப்பைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றினேன்: 1.3 மீட்டர். அம்மா பேசவே இல்லை, போய் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் நான் காப்பி போட உள்ளே போன பத்து நிமிடத்தில் இரண்டு நல்ல கிளைகளைச் செயின்சாவில் இறக்கி, "டிரிம்மிங் நூறு" என்று கணக்கில் சேர்த்துவிட்டார்.

இப்போது லோரி ஏற்றிய லட்சணம். இதைக் கவனமாகப் படியுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. கிளைக் குவியலில் பெரும்பாகம் காற்றுதான். கவைகளை வெட்டிப் பிரித்து, அடிப்பக்கமெல்லாம் ஒரே திசையில் வரும்படி அடுக்கி, மேலே ஏறி மிதித்தால் அந்தக் குவியல் முழுவதும் ஒரே லோரியில் போயிருக்கும். பையன்கள் ஒரு கவையைக்கூட வெட்டவில்லை. குடை விரித்த மாதிரி இருந்த கிளைகளை அப்படியே தூக்கிப் போட்டார்கள். ஏழெட்டுக் கிளையில் லோரி நிரம்பி வழிந்தது. பார்க்க மலை, உள்ளே வெறும் ஓட்டை. அடிமரத்துண்டு, ரம்புத்தான் கட்டை, முள் எல்லாம் தரையிலேயே கிடந்தன. "பாத்தீங்களாக்கா, நெறைஞ்சிருச்சு. இன்னொரு டிரிப், முந்நூறு." ஏறிய சரக்கு என் மூன்று வாரக் குவியலில் பாதிகூட இல்லை.

450, 300, 100. மொத்தம் 850. கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று மகன் இன்றைக்கும் கேட்கிறான். பாராங்கோடு மூன்று ஆண்கள் வாசலில் நிற்கும்போது, உள்ளே நடக்க முடியாத கணவர், 81 வயது அம்மா. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இன்னொன்றும் செய்தேன்: "அந்தப் பழைய பேப்பர் பையையும் எடுத்துட்டுப் போறீங்களா தம்பி?" என்று நானே தூக்கிக் கொடுத்தேன். எங்கே கொட்டுவீர்கள் என்று நான் கேட்டதற்கு, "ஜெலுத்தோங்தான், வேற எங்க" என்றார். இரண்டாவது டிரிப்புக்கு நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மறுநாள் வாட்சாப்பில் ஒற்றை டிக்.

ஐந்து நாள் கழித்து அந்த போன் வந்தது. பாயா தெருபோங் மலைச்சாலை ஓரம், கால்வாயை அடைத்துக்கொண்டு ஒரு கிளைக் குவியல். அதற்குள் ஒரு பை. பைக்குள் என் முகவரி போட்ட மூன்று வருஷத்து மின்சார பில். போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ரம்புத்தான் கிளையில் என் நீலக் கயிறு இன்னும் சுற்றியிருந்தது. அதிகாரி சத்தம் போடவில்லை. வாட்சாப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பார்த்தார். "ஆள் கிடைச்சா அவன் மேல. கிடைக்கலன்னா இது உங்க குப்பை" என்று மலாயில் சொன்னார். சொன்ன தேதிக்குள் நானே அப்புறப்படுத்தினால் என் மேல் நடவடிக்கை எடுக்கமாட்டார்கள் என்பது பேச்சு. லோரி எண் கேட்டார். நான் எடுத்து வைக்கவில்லை. டூயிட்நவ் பெயரை வைத்துப் போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். அது அங்கேயே நிற்கிறது.

லோரியில் ஏற்றி இறக்கும் பெரிய குப்பைத் தொட்டி, ரோரோ தொட்டி என்பார்கள், அதை வாடகைக்கு எடுத்தேன், 520 வெள்ளி. மலைச்சாலையில் கிடந்ததும் வீட்டில் மிச்சமிருந்ததும் ஒரே தொட்டியில் அடங்கியது! அந்தக் கம்பெனிப் பையன்கள் பத்து நிமிடம் கவைகளை வெட்டிவிட்டுத்தான் ஏற்றினார்கள். கொட்டிய இடத்தின் நிறுவைச் சீட்டையும் படம் பிடித்து அனுப்பினார்கள். இந்தச் சீட்டைத்தான் முதல் ஆளிடம் நான் கேட்டிருக்க வேண்டும். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சீட்டு வந்ததும் மீதி" என்று சொல்லியிருந்தால் அவர் அங்கேயே வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பார். போயிருந்தால் எனக்கு நல்லது.

வீட்டில் மிச்சமிருந்ததைக் கிளப்பியபோது அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மழைத்தண்ணீர் நிறைய, அதில் நெளிந்துகொண்டிருந்தது கொசுப்புழு. ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் அதை ஒரு மாதம் வளர்த்திருக்கிறேன். மூன்று வீடு தள்ளி ஒரு பையன் டெங்கியில் படுத்திருந்தான். எங்கள் டப்பாவில் இருந்துதான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சுகாதார அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் 500 வெள்ளி கொம்பவுன் அபராதம். அந்தப் பையனின் அம்மா முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

எரிச்சல் என்னவென்றால், அந்தக் குவியலில் பாதி வெளியே போயிருக்கவே வேண்டாம். அம்மா அன்றைக்கே சொன்னார், நான்தான் காது கொடுக்கவில்லை. தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்தால் விளக்குமாறு. முருங்கையை மூன்று முழ நீளத்துக்கு வெட்டினால் போத்து. நட்டால் பிடித்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. உதிர்ந்த சருகு வாழைக்கு அடியில். ரம்புத்தான் கட்டையை நான்கு செங்கல் மேல் அடுக்கிக் காயவிட்டால் பொங்கலுக்கு விறகு. மண்ணில் படப் போட்டால் கறையான். இதெல்லாம் போக மிஞ்சுவது காகிதப்பூ முள்ளும் மெல்லிய குச்சியும்தான். இந்த முறை மாமரக் கிளை இரண்டையும் அப்படித்தான் தீர்த்தோம், ஒரு வெள்ளி செலவில்லை.

நோட்டீஸ் இப்போது சுங்கை டுவா பக்கம் பச்சைத்தாளில் ஒட்டியிருக்கிறது. எண் வேறு. பெயரும் வேறு. மகன் படம் எடுத்து அனுப்பினான், பெரிதாக்கிப் பார்த்தேன். 'வேலைக்கு முன்', 'வேலைக்குப் பின்' என்று இரண்டு படம். முன் என்பது எங்கள் பின்வேலி. ஓரத்தில் அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி தெரிகிறது. பின் என்பது யார் வீடு என்று தெரியவில்லை.