எல்லைக்கு அப்பால் ஓர் உடற்கூறு ஆய்வு: உடலை வாங்கச் செல்லும் குடும்பத்தாருக்கு

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி மலைப்பாதை வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது எங்கள் பகுதிக் குடும்பங்களில் பலருக்குப் பழகிய வாழ்க்கை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அப்படிப் போன என் சித்தப்பா, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நிழல்மரம் கவாத்து செய்யும்போது தவறி விழுந்து அங்கேயே இறந்துபோனார். அவருடைய உடலை வாங்குவதற்காக ஓர் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் இரண்டு நாள் காத்திருந்த அனுபவத்திலிருந்து, அந்தச் சேவையைப் பற்றிய என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு நேராக மருத்துவமனைக்குப் போனது. விபத்து மரணங்களில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி, காவல்துறையினர் சாட்சிகள் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு அறிக்கை எழுதி, கோரிக்கைக் கடிதத்தோடு அனுப்பிய பிறகுதான் மருத்துவர் ஆய்வைத் தொடங்குவார். அந்தக் கடிதம் காவல் நிலையத்தில் கிடக்க, நாங்கள் மருத்துவமனை வாசலில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அதை எங்களிடம் சொல்ல அங்கே ஓர் ஆள்கூட இல்லை. இந்தச் சேவையில் நான் கண்ட பெரிய குறை இதுவே. இறப்பு நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்குதான் முதலில் போக வேண்டும்.

அடுத்தது பெயர். சித்தப்பாவைத் தூக்கி வந்தவர்கள் தோட்டத்தில் அவரைக் கூப்பிடும் பெயரையே சொல்லியிருந்தார்கள். அதுவே மருத்துவமனைச் சீட்டிலும் காவல்துறைக் குறிப்பிலும் ஏறிவிட்டது. படிவத்தில் வீட்டுப்பெயர் என்ற கட்டம் வேறு இருந்தது. நமக்கு வீட்டுப்பெயர் ஏது? காவலர் எங்கள் தெருப் பெயரை அதில் எழுதினார். மலையாளத்தில் எழுதிய அந்தத் தாளை வரிவரியாக வாசித்துக் காட்டும்படி கேட்டு, ஆதாரில் உள்ளபடி முதலெழுத்தை விரித்து எழுதச் செய்த பிறகே என் தம்பி கையெழுத்திட்டான். காவலர் முகம் சுளிக்கவில்லை. கேட்கத் தயங்கியிருந்தால் அந்தத் தவறான பெயர் இறப்புச் சான்றிதழ் வரை போயிருக்கும்.

ஆய்வு செய்த மருத்துவரைப் பற்றி நன்றியோடுதான் எழுத முடியும். மறுநாள் காலை ஆய்வை முடித்ததும் வெளியே வந்து, சித்தியின் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் பட்ட அடிதான் காரணமாகத் தெரிகிறது என்றும், உள்ளுறுப்பு மாதிரிகள் இரசாயனப் பரிசோதனைக்குப் போவதால் இறுதிக் கருத்து பிறகுதான் வரும் என்றும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆய்வுக்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

மாதிரி பரிசோதனைக்குப் போகிறது என்றதும் தோட்டத்துக் கண்காணி, "குடிச்சிருந்தா ஒண்ணும் கிடைக்காது" என்று சித்தியின் காதுபடச் சொன்னார். அது உண்மையல்ல. அப்போது நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் நேர்ந்த விபத்து மரணத்தில் முடிந்தால், குடிபோதையைக் காரணம் காட்டி முதலாளி இழப்பீட்டை மறுக்க இடம் தரவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்படிச் சொல்லி வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் நீட்டும் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

இறப்பைப் பதிவு செய்வது சொந்த ஊரில் அல்ல, இறந்த இடத்து உள்ளாட்சியில். 21 நாள்களுக்குள் என்பது பொதுவிதி. அந்தச் சான்றிதழில் மரணக் காரணம் இருக்காது என்பதால், காப்பீட்டுக்கு உடற்கூறு ஆய்வு அறிக்கையும் முதல் தகவல் அறிக்கையும் தனியாக வேண்டும். அவற்றைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று முறை மலையேறித்தான் வாங்கினோம்.

புறப்படும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய டார்ச்சையும் சாப்பாட்டுத் தூக்கையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தைப் புரட்டியபோது 20 ரூபாய் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டில், 2 லட்ச ரூபாய்க்கு, சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் சேர்ந்திருந்தார்.