முடிவு தெரிந்த பிறகும் உட்கார வைக்கும் தொடர் எது?

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு ஒன்பது மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். பத்தரை ஆகியும் மேடையில் வில்லுக்கு மணி கட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து எங்கள் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருந்தது. தங்கை மகன் போனில் ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான், மூன்றாவது தடவையாக. “இதுக்கு மேல ஒரு சீரியல் உலகத்துலயே வரல்ல” என்று அவன் சொன்னதுதான் தாமதம், மாமி திரும்பிவிட்டார். “மெட்டி ஒலி பாத்திருக்கியா மக்கா நீ?”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அத்தான் ‘விடாது கருப்பு’ என்றார். தங்கை ‘வதந்தி’ என்றாள், நம்ம ஊர்க் கதை என்பதால் அதற்குத்தான் முதலிடம் என்று. பின்வரிசையிலிருந்து யாரோ ‘கோலங்கள்’ என்று குரல் கொடுத்தார்கள். கருங்கல் ஊரிலிருந்து வந்திருந்த மைனி (அண்ணி), “அப்பம் கத்தனாரு?” என்று ஒரு மலையாளத் தொடரைக் கேட்டார். வில்லடி தொடங்கும் வரை ஓயவில்லை. எனக்கு இது சும்மா பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் பாதி வாழ்க்கை இந்தத் தொடர்களோடுதான் போயிருக்கிறது. அன்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எத்தனை எபிசோட் ஓடியது என்பது அளவுகோல் ஆகாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் ஆகாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தோவாளைப் பக்கமானாலும் விளவங்கோடு பக்கமானாலும் தொலைக்காட்சிக்கு முன்பே தெரிந்த ஒரு அளவுகோல் இருக்கிறது. கொடைக்குக் கொடை இசக்கி கதை பாடுகிறார்கள். நகைக்காகக் கொல்லப்பட்டவள் நீலியாகத் திரும்பி வருவாள், கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்குப் பேசுவாள், கடைசியில் பழி தீர்ப்பாள். கேட்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்தும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். முடிவு தெரிந்த கதைக்கு இரண்டாம் தடவையும் நம்மைப் பிடித்து வைக்கிற பலம் இருக்கிறதா? தொடர்களையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தத் தராசில் முதலில் ஏறுவது அத்தானின் ‘விடாது கருப்பு’. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய மர்மதேசம் வரிசையில் இரண்டாவது கதை. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1997-98இல் சன் டிவியில் வாரம் ஒரு முறை வந்தது. அந்த ‘வாரம் ஒரு முறை’தான் அதன் பாதி பலம். தப்புச் செய்தவனைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்புகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஏழு நாள் காத்திருக்கச் சொன்னால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவோம்? ஒவ்வொரு விளைக்கும், அதாவது தோப்புக்கும், ஒரு சுடலைமாடன் இருக்கிற ஊர் எங்களுடையது. டியூஷன் முடிந்து வரும்போது மாடன் பீடத்தைத் தாண்டுகிற அந்த இருபது அடியை நானும் என் கூட்டாளியும் ஓடித்தான் கடப்போம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. ஏறி ஓட்டலாம் என்று அப்போது புத்தியில் படவே இல்லை.

இத்தனை பயம் காட்டிய தொடர் கடைசியில் அதற்கு மனநோயின் பக்கமிருந்து ஒரு விளக்கம் தந்தது. சாமியையும் கேலி செய்யாமல், மருத்துவத்தையும் கைவிடாமல் போன அந்த நிதானத்துக்குத் தமிழில் அதற்கு முன்னும் பின்னும் இணை கிடையாது. அத்தான் சொல்வதில் இதுவரை எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் இரண்டாம் தடவை? சில வருஷம் முன்பு யூடியூபில் மொத்தமாகப் பார்த்தேன். குதிரைக் குளம்புச் சத்தம் இப்போதும் முதுகில் ஏறுகிறது, ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சும் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆனால் யார் என்ற கேள்விக்கு விடை தெரிந்திருப்பதால், நம்மைத் திசைதிருப்ப வைத்த இடங்களில் கை தானாக எபிசோடை ஓட்டுகிறது. ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய இடத்தில் பத்து நொடி காத்தால் போதும் என்று ஆனதும் கொஞ்சம் பலம் வடிந்துவிடுகிறது.

இனி மாமியின் கட்சி. இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை ஓடியது. திருமுருகன் இயக்கினார். 811 எபிசோட். விளம்பரம் போக ஒரு எபிசோட் 20 நிமிடம் என்று வைத்தாலும் 270 மணி நேரம் வருகிறது. பிரேக்கிங் பேட் 62 எபிசோடும் சேர்த்து ஏறக்குறைய 50 மணி நேரம்தான். இதைச் சொல்லித்தான் தங்கை மகன் மாமியை மடக்கப் பார்த்தான். “இழுவை” என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெட்டி ஒலியில் முன்னூறு எபிசோடை எடுத்துப் போட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே அழுகையை மூன்று பக்கமிருந்து காட்டுவார்கள்.

அப்புறம் ஏன் அது? என் அம்மா அப்போது அண்டியாபீஸில் தொலி உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்தில் முந்திரி ஆலையை யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ்தான். அம்மா இருந்த வரிசையில் பாதிப் பேர் வீட்டில் டிவி இல்லை, இருந்தாலும் கரண்ட் நிற்காது. காலையில் போய் உட்கார்ந்ததும் முந்தின நாள் கதையை அம்மா சொல்ல வேண்டும். கை பாட்டுக்குப் பருப்பை நெருடித் தொலியை உதிர்க்கும், வாய் சிதம்பரம் வீட்டுக்குள் போய்விடும். ஐந்து பெண்களைப் பெற்று, மனைவி இல்லாமல் வளர்த்து, ஒவ்வொருத்தியாகக் கட்டிக் கொடுக்கிற அப்பன். அவர் மகள் சரோஜாவை மாமியார் வீட்டில் படுத்துகிற பாடு. லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டு போன நான் ஒரு தடவை வாசலில் நின்று கேட்டேன். முந்தின நாள் எபிசோடில் சரோஜா ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், நானும் பார்த்திருந்தேன். அம்மா சொன்ன கதையில் சரோஜா மாமியாரைப் பார்த்துத் திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வியாக, நாலு கேட்டாள். வரிசை முழுக்க “அப்படிக் கேளு பிள்ளே” என்றது. வில்லுக்குப் பின்னால் இருந்து “ஆமா” போடுவார்களே, அதே மாதிரி.

சாயங்காலம் கேட்டேன், ஏன் இல்லாததைச் சொன்னீங்க என்று. “அங்க இருக்கதுல ரெண்டு பேருக்கு இதே கதைதான் வீட்டுல. அவளுவ கேக்கணும்லா” என்றார் அம்மா. பவுன் கணக்குப் பேசிக் கட்டிக் கொடுத்து, பாக்கிப் பவுனுக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கதையை மாற்றிச் சொல்லும் அளவுக்கு ஒரு தொடரை யார் வீட்டிலாவது சொந்தமாக்கிக்கொண்டார்களா? எனக்குத் தெரிந்து மெட்டி ஒலியைத் தவிர வேறு எதையும் இல்லை.

அதோடு அது இரண்டாம் தடவையிலும் நின்றது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது சன் டிவி அதை மறுபடி ஒளிபரப்பியது. இருபது வயதில் பார்த்தபோது எனக்குக் கோபமெல்லாம் சரோஜாவின் புருஷன் மாணிக்கத்தின் அம்மாவாக வந்த சாந்தி வில்லியம்ஸ் மேல்தான். ஊரடங்கில் என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது அந்த அம்மாவை நான் பார்க்கவே இல்லை. சிதம்பரத்தைத்தான் பார்த்தேன். டெல்லி குமார் ஒன்றும் பெரிதாகச் செய்ய மாட்டார். மகள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது முதலில் பெட்டியைப் பார்ப்பார், அப்புறம்தான் மகள் முகத்தைப் பார்ப்பார். இருபது வயதில் எனக்கு அது தெரியவே இல்லை. எத்தனை நாளுக்கு வந்திருக்கிறாள் என்று ஒரு அப்பன் போடுகிற கணக்கு அந்த ஒரு பார்வையில் இருக்கிறது.

விடாது கருப்பில் நடித்த சேத்தன்தான் இதில் மாணிக்கம். இரண்டு தொடர்களையும் நேருக்கு நேர் வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே அவரைப் பார்க்கும்போது இவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம். இங்கே மாணிக்கத்துக்குப் பின்னால் ஒரு ரகசியமும் இல்லை, அம்மா பேச்சைக் கேட்டு மனைவியை அழ வைக்கிற ஒரு சாதாரண மனிதன், அவ்வளவே. மர்மம் உள்ள பாத்திரத்தை ஒரு தடவை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. மாணிக்கத்தை அவிழ்க்க ஒன்றுமில்லை, அதனால் அவனை எத்தனை தடவை பார்த்தாலும் கோபம் புதுசாக வருகிறது. அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல் சுக்குக்காப்பி வாங்கப் போய்விட்டார்.

கோலங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவயானியின் அபி ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் தொழில் செய்யும் தைரியம் தந்தாள் என்பது உண்மை, அதற்காக அவளை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு வருஷம், 1,500க்கு மேற்பட்ட எபிசோட். அந்த நீளத்தில் ஆதியின் வில்லத்தனம் கதையை விழுங்கிவிட்டது. முழுசாக இரண்டாம் தடவை பார்த்தேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தங்கை மகனின் பிரேக்கிங் பேடை நான் லேசில் ஒதுக்க மாட்டேன். அவனே மூன்றாம் தடவை பார்க்கிறான், ஆகவே என் தராசில் அது ஏறிவிட்டது. 2008 முதல் 2013 வரை ஐந்து சீசன். ஒரு வேதியியல் வாத்தியாருக்குப் புற்றுநோய், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்சுகிறார். முதல் சீசனிலேயே பழைய நண்பர்கள் வைத்தியச் செலவை ஏற்கிறோம் என்கிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். முதல் தடவை பார்க்கும்போது மானஸ்தன் என்று தோன்றும். கடைசி எபிசோடில் அவரே மனைவியிடம், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்டபின் திரும்பப் போய் அந்த முதல் சீசன் மறுப்பைப் பார்த்தால், மொத்த நாசத்துக்கும் வித்து அங்கேயே கிடக்கிறது. முடிவு தெரிந்தால்தான் தொடக்கம் புரிகிறது. எங்கு முடியப் போகிறோம் என்ற நினைவோடு கட்டிய வேலை அது. கட்டுமானத்தில் மெட்டி ஒலி இதன் பக்கத்தில் நிற்காது, மாமி கோபித்துக்கொண்டாலும் சரி.

ஆனால் ஒன்று. அவன் மூன்று தடவையும் தனியாக, காதில் மாட்டிக்கொண்டு பார்த்தான். அவனோடு சேர்ந்து அந்த வாத்தியாரைத் திட்ட வீட்டில் ஆள் இல்லை. இது அந்தத் தொடரின் குற்றம் இல்லைதான். இருந்தாலும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கதைக்கு வருகிற பலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை எடையில் சேர்க்காமல் என்னால் இருக்க முடியாது.

வதந்தி எங்கள் மண்ணில் நடக்கிற கதை. 2022 டிசம்பரில் வந்தது, எட்டு எபிசோட், ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம். வெலோனி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் கொல்லப்படுகிறாள், எஸ்.ஜே. சூர்யா நடித்த போலீஸ்காரர் விசாரிக்கிறார். அவளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. செத்தவள் வந்து திருத்தவும் முடியாது. அந்த எண்ணம் அற்புதமானது. கொலைகாரன் யார் என்று தெரிந்தபின்னும், வெலோனி உண்மையில் எப்படிப்பட்டவள் என்ற கேள்வி தீராமல் நிற்கிறது. ஆனால் நடுவில் இரண்டு எபிசோட் தேவைக்கு மேல் சுற்றுகிறது, எங்கள் பேச்சும் எல்லார் வாயிலும் சரியாக உட்காரவில்லை. ஊர்ப்பாசத்துக்காக மார்க் கூட்டிப் போட மாட்டேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

மைனி கேட்ட கத்தனாரை மறந்துவிடவில்லை. கேரளத்தை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் மலையாள சேனல் ஓடாத நாள் கிடையாது. ஏசியாநெட்டில் 2004இல் பிரகாஷ் பால் நடித்து வந்த ‘கடமற்றத்து கத்தனார்’ பார்க்காத பிள்ளை அந்தப் பக்கம் இருந்திருக்காது. அதில் வருகிற கள்ளியங்காட்டு நீலியின் கள்ளியங்காடு, நாகர்கோவிலை ஒட்டி, பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் போகிற இடம். மந்திரவாதப் பாதிரியார் அடக்க வேண்டிய யட்சியாகத்தான் அங்கே அவள் வருவாள். எங்கள் வில்லில் அவள் கொலையுண்டவள், ஊரைக் கூட்டி நியாயம் கேட்டவள். ஒரே நீலிதான், ஆனால் மைனிக்கு அவள் பேய், மாமிக்கு அவள் அம்மன். இதனால்தான் கத்தனாரை என்னால் வரிசையில் வைக்க முடியவில்லை. நீலி கதையை வில்லில் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் தொடர் பாதிக் கதையாகத்தான் படும்.

ஆக என் வரிசை: மெட்டி ஒலி, பிரேக்கிங் பேட், விடாது கருப்பு, வதந்தி. முதல் இரண்டுக்கும் இடையில் நூலளவுதான் தூரம். அத்தானுக்கு மூன்றாம் இடம் கொடுத்தது எனக்கே வருத்தம்தான். வாரம் ஒரு எபிசோடாக அதை மறுபடி போட்டால் இடம் மாறினாலும் மாறும்.

நான் சொல்லி முடிக்கும்போது மேடையில் குடத்தில் முதல் அடி விழுந்தது. மாமி வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். “சரோஜா அண்டியாபீஸுல திருப்பிக் கேட்டாளே, அது என்னெல்லாம் கேட்டா? நான் அண்ணைக்கு லீவு” என்றார். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு நாலில் இரண்டுதான் நினைவில் இருந்தது. அந்த இரண்டையும் மாமியின் காதோரம் குனிந்து சொன்னேன்.