முன்னாள் படைவீரர்களுக்கான நர்சிங் பட்டப்படிப்பு: முடித்தவரின் மதிப்புரை

அமெரிக்கத் தரைப்படையில் ஆறு ஆண்டுகள் களமருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு வெளியே வந்த எனக்கு, இரத்தப்போக்கை நிறுத்தவும் அடைபட்ட மூச்சுவழியைத் திறக்கவும் தெரிந்திருந்தும், மருத்துவமனையில் பதிவுபெற்ற செவிலியராகச் சேரத் தகுதி இல்லை. என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வை எழுதுவதற்கு அங்கீகாரம் பெற்ற செவிலியர் படிப்பு வேண்டும். டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் இராணுவத் தளத்தில் பெற்ற 16 வாரக் களமருத்துவப் பயிற்சி அதற்கு ஈடாகாது. என்னைப் போன்றவர்களுக்காகவே, 2013-இல் கூட்டாட்சி அரசின் சுகாதாரத் துறை பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கித் தனி இளநிலைப் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வகைப் படிப்பு ஒன்றைத்தான் நான் முடித்திருக்கிறேன்.

தெரிந்ததைச் செய்து காட்டினால் அந்தப் பாடத்திலிருந்து விலக்கு தருவார்கள் என்பதே இதன் சிறப்பு. செயல்முறைக் கூடத்தில் பொம்மையின் கையில் முதல் முயற்சியிலேயே சிரைவழி ஊசியைச் செலுத்தினேன். அருகில் நின்ற பேராசிரியை, இதே நோயாளிக்கு இதயச் செயலிழப்பும் இருந்தால் திரவத்தை எந்த வேகத்தில் செலுத்துவீர்கள், ஏன் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊசி போடும் பயிற்சியிலிருந்து விலக்கு கிடைத்தது, மருந்தியல் பாடத்திலிருந்து கிடைக்கவில்லை. அது முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

முதல் வார்டுப் பயிற்சியில், பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்த மூதாட்டி ஒருவருக்கு உணவூட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஒரு சிறு கிண்ணம் காலியாக நாற்பது நிமிடங்கள் ஆயின. படையில் வேகத்தைக் கற்றுக்கொண்ட என் கைகள் காத்திருக்கப் பழகியது அங்கேதான்.

மாணவர் ஆலோசகரும் முன்னாள் படைவீரர் என்பதால், இரவுப் பணியும் தூக்கமின்மையும் பற்றி அவரிடம் விளக்காமலேயே பேச முடிந்தது.

பெரிய குறை, பதிவாளர் அலுவலகத்தின் தாமதம். என் இராணுவப் பயிற்சிச் சான்றுப் பட்டியலுக்குரிய மதிப்பெண் அலகுகளை அவர்கள் முடிவு செய்வதற்குள் பருவம் பாதி கடந்துவிட்டது. ஏற்கெனவே அறிந்த அறிமுகப் பாடம் ஒன்றில் நான் மீண்டும் உட்கார நேர்ந்தது. முன்னாள் படைவீரர்களின் படிப்புக்கு அரசு தரும் ஜி.ஐ. பில் கல்வி உதவி பொதுவாக 36 மாதங்களுக்கே கிடைக்கும் என்பதால், இப்படி வீணாகும் ஒவ்வொரு வாரமும் நம் கணக்கிலிருந்தே கழிகிறது. இந்தப் படிப்பில் சேருமாறு தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் சேர்வதற்கு முன்பே சான்றுப் பட்டியலை அனுப்பி, எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.