எவர்சில்வரில் கிருமி ஒட்டாதிருக்க: நைசினா, ஓமமா, கைட்டோசானா?

2008-இல் கனடாவில், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கலந்த இறைச்சித் துண்டுகளைச் சாப்பிட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறைச்சியைச் சீவும் இயந்திரங்களின் உள்ளிடுக்குகளில் அந்தக் கிருமி தங்கியிருந்திருக்கும் என்பதே விசாரணையின் முடிவு. லிஸ்டீரியா குளிர்பெட்டிக் குளிரிலும் பெருகும். எஃகில் ஒட்டிப் பிசின் போன்ற படலம் கட்டிவிட்டால், கழுவும் மருந்து உள்ளே இறங்குவதே கடினம். அதனால்தான் ஒட்டும் முன்பே தடுக்கும் இயற்கைப் பொருள்கள்மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் நைசின். பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியா சுரக்கும் சிறு புரதம் இது. 34 அமினோ அமிலங்கள்தான். உணவில் சேர்க்க 1969-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஏற்றது. மணமில்லை, சுவையும் கெடாது. எஃகின்மேல் படிந்த நிலையிலும் வேலை செய்யும். வந்து அமரும் லிஸ்டீரியாவின் சவ்வில் துளையிட்டுவிடும். ஆனால் சால்மொனெல்லா, ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வைத் தனியாக நின்று அதனால் தாண்ட முடியாது. உணவிலிருந்து வரும் வேறு புரதங்கள் அதைப் பெயர்த்துவிடுவதும் உண்டு. ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிட முடியாது.

ஓமத்தின் காரம் தைமால் என்ற மணப்பொருளால் வருவது. நம் வீட்டுக் கற்பூரவள்ளியிலும் தைமாலும் அதன் உறவான கார்வக்ராலும் உண்டு. நைசின் தோற்கும் இடத்தில் இவை நிற்கும்: லிஸ்டீரியா, சால்மொனெல்லா என இரு வகைக் கிருமிகளின் சவ்வையும் குலைக்கும். கொல்லப் போதாத சிறு அளவில்கூடப் படலம் கட்டுவதைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. குறை, மணம். பனீர் வெட்டும் பலகையில் ஓம வாசம் ஏறினால் யார் வாங்குவார்கள்? தண்ணீரில் எளிதில் கரையாது என்பதும் தொல்லைதான்.

கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. அதன் நேர்மின்னூட்டம்தான் கிருமியைத் தாக்குகிறது. அமிலத்தில் அந்த மின்னூட்டம் வலுவாக இருக்கும். அமிலம் குறையக் குறைய அதுவும் வடியும். பால் ஏறக்குறைய நடுநிலைப் பொருள், எனவே பால் பண்ணைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊறுகாய்க் கூடத்துக்குப் பொருந்தலாம்.

பாலாடைக்கட்டியும் குளிர்ந்த இறைச்சியும் வெட்டும் இடத்தில் என் தேர்வு நைசின். கோழியும் காய்கறியும் நறுக்கும் மேசைக்குத் தைமால். எதைப் பூசினாலும் முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கொழுப்பை நீக்கியாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சியிருந்தால் தைமால் அதில் போய்க் கரைந்துவிடும். கிருமியைத் தாக்க எதுவும் மிஞ்சாது.