ஓடுகிற விஎம்மை வாளையாறு தாண்டிக் கொண்டுபோவது: பிராக்ஸ்மாக்ஸ் ரிமோட் மைக்ரேஷனோடு இரண்டரை ஆண்டுகள்

வாளையாறு எல்லைக்கு அப்பால் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் எங்கள் தொழிற்சாலை, இந்தப் பக்கம் கோவை பீளமேட்டில் அலுவலகம். இரண்டு இடத்திலும் மூன்று மூன்று சர்வர்கள், இரண்டிலும் பிராக்ஸ்மாக்ஸ், ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள். நடுவில் 200 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதன்மேல் வயர்கார்டு என்ற விபிஎன்னின் டனல். ஆலையில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. வருகைப்பதிவு விஎம்மையோ வே பிரிட்ஜ் விஎம்மையோ பகலில் நிறுத்தினால் கேட்டுக்கு வெளியே லாரி நிற்கும். அதனால் ஒரு பக்கம் பராமரிப்பு வந்தால் விஎம்களை ஓடும்போதே மறுபக்கம் நகர்த்தியாக வேண்டும். 2023 ஜூலையில் ஆரம்பித்தேன். அன்று முதல் இன்றுவரை பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

ஆறு சர்வரையும் ஒரே கிளஸ்டராக, அதாவது ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டமாக, போட்டிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கிளஸ்டரைக் கட்டிவைத்திருக்கும் கோரோசிங்குக்கு தாமதம் 5 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும், அதுவும் நிலையாக. எங்கள் லைன் நல்ல நாளில் அதற்குள் நிற்கும். ஐப்பசி மதியம் இடி இறங்கும்போதும், ரோட்டோரம் யாராவது குழி தோண்டும்போதும் நிற்காது. அப்படி ஒரு நொடியில் குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை) போய், ஹெச்ஏ (விழுந்த விஎம்மை வேறு சர்வரில் தானாக எழுப்பும் வசதி) போட்ட சர்வர்கள் தங்களைத் தாங்களே ரீபூட் செய்துகொண்டால் ஆலையே நிற்கும். ஆகவே கிளஸ்டர் இரண்டு, நடுவே போய்வர கியூஎம் ரிமோட்-மைக்ரேட் கட்டளை. பிராக்ஸ்மாக்ஸ் 7.3 பதிப்பில் பரிசோதனை நிலையில் வந்த வசதி இது. டிஸ்க், ரேம் எல்லாம் பிராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கம் ஓடும் 8006 போர்ட் வழியாகவே ஒரு வெப்சாக்கெட் டனலில் போகும். இதற்காக 8006-ஐ இணையத்தில் திறந்துவைக்காதீர்கள், விபிஎன்னுக்குள்ளேயே வையுங்கள்.

முதல் வாரத்தில் வந்த தொல்லைகள் எல்லாம் சின்னவை. மறுபக்கம் நுழைய ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவி) உருவாக்கும்போது பிரிவிலேஜ் செபரேஷன் டிக் இருந்தால் பயனரின் அனுமதி டோக்கனுக்கு வராது; டோக்கனுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சிடி டிரைவில் ஐஎஸ்ஓ மாட்டியிருந்தால் நகராது. ஹெச்ஏ பட்டியலிலிருந்தும் ரெப்ளிகேஷனிலிருந்தும் (டிஸ்கின் நகலை வேறு சர்வரில் வைப்பது) முதலில் எடுத்துவிட வேண்டும். புது க்யூஇஎம்யூவிலிருந்து (அடியில் விஎம்மை ஓட்டும் நிரல்) பழையதற்குப் போக முயலக்கூடாது, அதனால் இரு பக்கமும் ஒரே பதிப்பாக வைத்திருங்கள். இவற்றுக்கெல்லாம் எர்ரர் செய்தி தெளிவாக வரும், படித்தால் போதும்.

எர்ரரே வராமல் நின்றதுதான் எங்களை மூன்று இரவு தூங்கவிடவில்லை.

பீளமேட்டிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு விஎம் அழகாக வந்தது. அதே விஎம்மைத் திருப்பி அனுப்பினால் டனல் அமைகிறது, அந்தப் பக்கம் டிஸ்க் உருவாகிறது, மிரர் (டிஸ்கை நகலெடுப்பது) 0.00 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி, கொழிஞ்சாம்பாறைக்காரர், அலைபேசியில் சொன்னார்: "அண்ணா, பிங் போகுதுங்க, வெப் பக்கமும் திறக்குதுங்க, டேட்டா மட்டும் நவுரவே மாட்டேங்குது." வருவது வருகிறது, போவது போகவில்லை. அந்த ஒரு வரியில் விடை இருந்தது. எனக்கு அது மூன்றாம் இரவுதான் உறைத்தது.

வயர்கார்டின் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 பைட். சர்வர்களின் எம்டியூ 1500. பெரிய பாக்கெட் டனலுக்கு வந்து நுழைய முடியாதபோது, "துண்டாக்க வேண்டும், சிறிதாக அனுப்பு" என்று ரவுட்டர் ஒரு ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் அறிவிப்பு) அனுப்பும். கஞ்சிக்கோட்டு ஃபயர்வாலில் எக்கோ (பிங்) தவிர மற்ற ஐசிஎம்பி அனைத்தையும் தடுத்து ஒரு விதி இருந்தது. போட்டது நானே, பாதுகாப்பு என்று நினைத்து. அதனால் பிங் போனது, சின்னச் சின்ன ஏபிஐ கோரிக்கை போனது, டிஸ்க் டேட்டா மட்டும் டனல் வாயிலில் காணாமல் போனது. பீளமேட்டில் அந்த விதி இல்லை, ஆகவே அங்கிருந்து புறப்பட்டது எல்லாம் வந்து சேர்ந்தது.

சோதிக்க ஒரே வரி போதும்: பிங் கட்டளையில் துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு அளவை 1472 என்று வையுங்கள், பிறகு 1392 வையுங்கள். முன்னது தொலைந்து பின்னது போனால் உங்களுக்கும் இதே நோய். அந்த 'சிறிதாக அனுப்பு' செய்தியான ஐசிஎம்பி வகை 3, கோடு 4-ஐத் திறந்துவிட்டேன், ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1380 என்று கட்டினேன். அதன்பின் ஒருநாளும் 0.00-இல் நின்றதில்லை. லைன் கொடுத்தவரிடம் இரண்டு முறை சண்டை போட்டிருந்தேன். தவறு என்னுடையது என்று தெரிந்ததும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் அன்று வந்தது. இன்றும் லாகைத் திறந்தால் முதலில் தேடுவது அதைத்தான். டிஸ்க் உருவாகும் முன் விழுந்தால் அனுமதி அல்லது அமைப்பு. மிரர் நகராவிட்டால் நெட்வொர்க். மிரர் முடிந்து ரேமில் இழுபட்டால் விஎம் எழுதும் வேகம். எல்லாம் முடிந்து, விஎம் அந்தப் பக்கம் எழுந்து உறைந்து நின்றால் பெரும்பாலும் சிபியூ வகை.

சிபியூ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பீளமேட்டு சர்வர்கள் பழைய இன்டெல் ஜியான், கஞ்சிக்கோட்டில் புதியவை. வேகம் கிடைக்கும் என்று விஎம்களுக்கு 'ஹோஸ்ட்' வகை (சர்வரின் சிபியூவை அப்படியே காட்டுவது) கொடுத்திருந்தோம். புதியதில் பூட் ஆன விஎம் பழைய சிபியூவில் இல்லாத கட்டளைகளைத் தேடி விழுந்தது. எல்லாவற்றையும் இரண்டிலும் ஓடும் பொது வகையான எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்ஸுக்கு மாற்றினோம். 8.0 முதல் வெப் பக்கத்தில் உருவாக்கும் புது விஎம்களுக்கு அதுவே இயல்பு வகை. விஎம்முக்குள் ரீபூட் செய்தால் இந்த மாற்றம் வராது, முழுதாக நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும். இதை மறந்துவிட்டு "மாற்றியும் விழுகிறதே" என்று ஒரு மாலை முழுக்கத் தேடினோம்.

ஸ்டோரேஜ் பக்கம் வலித்தது எல்விஎம்-தின் (எழுதிய அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் டிஸ்க் முறை). 500 ஜிபி டிஸ்க், உள்ளே இருந்தது 90 ஜிபிதான். மைக்ரேஷன் முடிந்து அந்தப் பக்கம் எல்விஎஸ் கட்டளை அடித்துப் பார்த்தால் ஏறக்குறைய 500-உம் பிடித்திருந்தது. அந்த விஎம்மில் டிஸ்கார்ட் (காலி இடத்தைத் திருப்பித் தரும் விருப்பம்) போடவில்லை, காலி இடமும் பூஜ்யமாக எழுதப்பட்டுப் போய்ச் சேர்ந்திருந்தது. தின் பூல் (எல்லா டிஸ்கும் பங்கிடும் மொத்த இடம்) 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பூல் நிரம்பினால் அதில் இருக்கும் எல்லா விஎம்மும் எழுத முடியாமல் விழும். அன்று அடுத்து வரிசையில் இருந்த விஎம்மின் நகர்த்தலை நிறுத்திவிட்டு, வந்த விஎம்முக்கு டிஸ்கார்டைப் போட்டு அதை நிறுத்தி எழுப்பி, உள்ளே எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்தை விடுவிக்கும் கட்டளை) ஓட்டியபின் பூல் இறங்கியது. இப்போது நகர்த்தும் எந்த விஎம்முக்கும் முன்கூட்டியே டிஸ்கார்ட் உண்டு, கெஸ்ட் ஏஜென்டில் (விஎம்முக்குள் ஓடும் உதவி நிரல்) நகர்ந்த பிறகு ட்ரிம் செய்யும் விருப்பமும் உண்டு. பூலின் டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா சதவீதத்தையும் பாருங்கள். ஈஎஃப்ஐ டிஸ்கின் (பூட் அமைப்பு இருக்கும் சிறு டிஸ்க்) அளவு ஸ்டோரேஜ் வகைக்கு ஏற்ப மாறி, மூலமும் இலக்கும் ஒத்துப்போகவில்லை என்று மிரர் மறுக்கவும் செய்யும். அதற்கு இரு பக்கமும் ஒரே வகை ஸ்டோரேஜ் வைத்தது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நேர்மையாகச் சொன்னால், எல்லாவற்றையும் லைவாக நகர்த்த ஆசைப்படுவது தவறு. 200 எம்பிபிஎஸ் என்றால் ஏட்டுக்கணக்கில் நொடிக்கு 25 எம்பி, கையில் கிடைப்பது 22 போல. 16 ஜிபி ரேம் ஒருமுறை கடக்கவே பன்னிரண்டு நிமிடம். அதற்குள் மாறிய ரேம் பக்கங்களைத் திரும்ப அனுப்ப வேண்டும், அதற்குள் மேலும் மாறும். மாதக் கடைசி இரவில் கணக்கு டேட்டாபேஸை நகர்த்தினேன். மீதம் 2 ஜிபி வரை இறங்கும், திரும்ப ஏறும். இறங்கும், ஏறும். இயல்பாக 100 மில்லி செகண்டாக இருக்கும் நிறுத்த நேரத்தை (கடைசி மிச்சத்தை அனுப்ப விஎம் நிற்கும் நேரம்), முன்னேற்றம் இல்லாதபோது பிராக்ஸ்மாக்ஸ் தானாகவே கூட்டிக்கொண்டு போகும். லாகில் 200, 400 என்று அந்த எண் ஏறுவதைப் பார்த்தால் கணக்குப் போட்டுவிடுங்கள்: மிச்சம் 1 ஜிபி என்றாலே முக்கால் நிமிட நிறுத்தம். அன்று ரத்து செய்தேன். இப்போது அந்த டேட்டாபேஸுக்கு வேறு வழி. இரு இடத்திலும் பேக்கப் சர்வர் இருக்கிறது, ஒன்றுக்கொன்று சிங்க் ஆகும். ஞாயிறு காலை நிறுத்தி, கடைசி மாற்றத்தை மட்டும் பேக்கப் எடுத்து, அந்தப் பக்கம் ரீஸ்டோர். சொல்லிவைத்து நிறுத்துவதால் யாருக்கும் மனக்குறை இல்லை. இரண்டு கிளஸ்டரும் ஒரே டேட்டாஸ்டோரில் பேக்கப் போட்டால் விஎம் எண்கள் மோதும், நேம்ஸ்பேஸ் (டேட்டாஸ்டோருக்குள் தனிப் பகுதி) பிரித்துக்கொள்ளுங்கள்.

ஐபி முகவரி பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. விஎம் உயிரோடு போகும், தன் ஐபியோடு போகும். அந்தப் பக்கம் அந்த சப்நெட் இல்லையென்றால் கன்சோலில் நன்றாக ஓடும், யாராலும் எட்ட முடியாது. நகர்த்தும் விஎம்களுக்கென்று ஒரு விலேனை (தனிப் பிரிவாக்கிய நெட்வொர்க்) மட்டும் விஎக்ஸ்லேன் (விலேனை இன்னொரு நெட்வொர்க்கின் மேல் நீட்டும் முறை) கொண்டு இரு ஊருக்கும் நீட்டினோம். விஎக்ஸ்லேன் 50 பைட் தின்னும், ஆகவே உள்ளே எம்டியூ 1370. மீண்டும் அதே எம்டியூதான்.

2024 ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. டிலீட் விருப்பம் கொடுக்காவிட்டால் நகர்ந்த விஎம்மின் பழைய பிரதி மூல கிளஸ்டரில் நின்ற நிலையில் இருக்கும், எங்களிடம் எழ விடாத மைக்ரேட் பூட்டோடு இருந்தது. பாதுகாப்புக்காக அதை ஒரு வாரம் வைத்திருப்பது என் வழக்கம். வருகைப்பதிவு விஎம்மின் பழைய பிரதியில் ஒரு அமைப்பைப் பார்க்கப் பூட்டை எடுத்தேன். ஆன்பூட் (சர்வர் எழும்போது விஎம்மும் தானாக எழும் விருப்பம்) போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் மதியம் இடியில் ஆலையின் மின்சாரம் போய், யூபிஎஸ் தீர்ந்து, வந்தபோது சர்வர்கள் எழுந்தன. பழைய பிரதியும் எழுந்தது. நீட்டிய விலேனில் ஒரே மேக் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), ஒரே ஐபி, இரண்டு விஎம். கைரேகை மெஷின்கள் சில இதில் எழுதின, சில அதில் எழுதின. இரண்டாம் ஷிப்ட் முடியும்போது டைம் ஆபீஸ் சேட்டன் போன் செய்தார்: பாதிப் பேருக்கு உள்ளே வந்த நேரம் இருக்கிறது, வெளியே போன நேரம் இல்லை. இரண்டு டேபிளையும் வரிசையாக ஒப்பிட்டுச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. யாருடைய சம்பளத்திலும் கை வைக்கவில்லை என்பதை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

அன்றிலிருந்து பழைய பிரதியில் முதல் வேலை: ஆன்பூட்டை எடுத்து, நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்துவிடுவது. பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதை நம்பி இருப்பதில்லை. அதன்பின் பெயரின் முன்னால் 'பழசு' என்று சேர்த்துவிடுகிறோம், இரவு ஷிப்டில் யார் பார்த்தாலும் புரியட்டும் என்று.

2024 டிசம்பரில் பிராக்ஸ்மாக்ஸின் டேட்டாசென்டர் மேனேஜர் என்ற கருவியின் ஆல்பா (முதல் சோதனைப் பதிப்பு) வந்தது. இரண்டு கிளஸ்டரையும் ஒரே திரையில் காட்டி, அங்கிருந்தே விஎம்மை நகர்த்த முடிகிறது. தம்பிக்கு அது பிடித்திருக்கிறது, டோக்கனையும் சர்வர் சான்றிதழின் ஃபிங்கர்பிரிண்டையும் ஒவ்வொரு முறையும் ஒட்ட வேண்டியதில்லை. நான் இன்னும் கட்டளை வரியில்தான் செய்கிறேன், லாகின் ஒவ்வொரு வரியும் கண்முன் ஓட வேண்டும் எனக்கு.

பீளமேட்டுப் பழைய சர்வர்கள் மூன்றையும் இந்தக் கோடையில் மாற்றப்போகிறோம். அவற்றில் இன்னும் நகராமல் இருப்பது ஒரு விஎம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினுடையது. அதில் மூன்று ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தின் நிலையைச் சேமித்து வைத்தது) இருக்கின்றன, ஸ்னாப்ஷாட்டோடு லைவாகப் போகாது. அவற்றை அழிக்கலாமா என்று அந்தப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். சரி என்று பதில் வந்தால் அடுத்த சனிக்கிழமை இரவு, ஷிப்ட் மாறியதும், அதையும் அனுப்பிவிடுவேன்.