பாய்லர் சர்வீஸ் என்று பில் போடுகிறவர்கள்: கொஞ்சம் கவனமாக இருங்கள்

வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் வருடாந்திர சர்வீஸுக்கு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். வேலை முடிந்ததும் பில்லில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்கள்: ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) சுத்தம் செய்யப்பட்டது, பர்னர் (கேஸ் எரியும் பாகம்) கதவுக்குப் புது சீல் போடப்பட்டது, புகை அளவீடு சரியாக இருக்கிறது. இதில் பின்னிரண்டும் பச்சைப் பொய். முதலாவது மட்டும் உண்மை. அதுவும் நடக்காமல் இருந்திருந்தால் தேவலை.

சில வாரங்களில் பாய்லருக்குள் களக் களக் என்று தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். அப்புறம் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுபோக ஆரம்பித்தது. அதே கம்பெனிக்குப் போன் செய்தால், "பைப்பில் சேறு சேர்ந்திருக்கும், கெமிக்கல் ஃப்ளஷ் போடணும்" என்று அடுத்த செலவுக்கு அடி போட்டார்கள். ஆளை அனுப்பிப் பார்க்கக்கூட இல்லை. வேறொரு டெக்னீஷியனை வரவழைத்தேன்.

அவர் முதலில் பாய்லரைத் தொடவே இல்லை. பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "அனலைசர் பிரிண்ட் எங்கே சார்?" என்றார். அப்படி எதுவும் தரவில்லையே என்றேன். முழு வேகத்திலும் குறைந்த வேகத்திலும் பாய்லரை ஓடவிட்டு, புகையில் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் எவ்வளவு என்று அனலைசர் கருவியில் பார்த்து, அது அச்சிடும் சீட்டைத் தர வேண்டுமாம். பில்லில் இரண்டு வேகத்துக்கும் ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள், அளக்காமலே எழுதியது போல. முதலில் வந்தவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர், பிரஷ், ஸ்ப்ரே பாட்டில் எடுத்ததைப் பார்த்தேன். கருவி எதையும் பார்த்த நினைவில்லை.

பர்னர் கதவைக் கழற்றியதும் அவர் கிட்டத்தில் கூப்பிட்டுக் காட்டினார். 'புது' சீல் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, பழுப்பேறி, விரலால் தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. வருடக்கணக்கில் வெந்த சீல் அது. பல மாடல்களில் இந்தக் கதவைத் திறந்தால் சீலை மாற்றியே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. உள்ளே ஃபேன் காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், சீல் விட்டால் சூடான புகை பாய்லர் பெட்டிக்குள்ளேயே பீய்ச்சும். பக்கத்திலிருந்த ஒயரின் உறை லேசாகக் கருகியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அடுத்து அந்தச் சுத்தம். எங்களுடையது கண்டென்சிங் வகை பாய்லர். புகையிலிருக்கும் நீராவியையும் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். அப்போது வடிகிற தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 3 முதல் 5 வரை இருக்கும். அதனால்தான் எக்ஸ்சேஞ்சரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ அலுமினியக் கலவையிலோ செய்கிறார்கள். எங்களுடையது ஸ்டீல். அதிலிருக்கும் குழாய்ச் சுருள்களுக்கு இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் காப்பித்தூள் மாதிரி கறுப்புப் பொடி சேரும். இதை நைலான் பிரஷ்ஷால் தட்டி, வாக்குவம் வைத்து இழுத்து, தண்ணீர் விட்டு அலசுவதுதான் முறை. முதலில் வந்த நம்ம ஆள் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். ஸ்டீலில் ஒட்டிய இரும்புத் துகள்களால் கீறல் கீறலாகத் துரு பூத்திருந்தது. கையேட்டில் சொல்லாத ஏதோ திரவத்தையும் அடித்திருக்கிறார். பின்சுவரில் இருக்கும் வெப்பத்தடுப்புப் பலகை அதில் ஊறி, ஓரம் உப்பிப் பிளந்திருந்தது. அதை மூடி வைத்துவிட்டுத்தான் தண்ணீரே விட வேண்டுமாம்.

சரி, சத்தம் எங்கிருந்து வந்தது? தேய்த்த பொடியெல்லாம் கீழே இறங்கி, தண்ணீர் வடியும் சைஃபனில் (உள்ளே நிற்கும் தண்ணீரால் புகையைத் தடுக்கும் வடிகுழாய்) போய் அடைத்திருக்கிறது. அதை முதலில் வந்தவர் கழற்றவே இல்லை. தண்ணீர் போக வழியில்லாமல் எக்ஸ்சேஞ்சரின் அடியில் தேங்கி, பாய்லர் நின்றிருக்கிறது. புது டெக்னீஷியன் சைஃபனைக் கழுவி, திரும்ப மாட்டும் முன் அதில் தண்ணீர் நிரப்பினார். காலியாக மாட்டினால் அந்த வழியாகவே புகை வீட்டுக்குள் வரும் என்றார்.

அந்தக் கெமிக்கல் ஃப்ளஷ் பற்றியும் ஒரு வார்த்தை. அது அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீர் ஓடும் பக்கத்துக்கான வேலை. எங்களுக்கு அடைப்பு இருந்ததோ நெருப்பு எரியும் பக்கத்தில். ஆயிரம் ஃப்ளஷ் போட்டாலும் இந்தச் சத்தம் நின்றிருக்காது.

சர்வீஸுக்கு ஆள் வந்தால், வேலை ஆரம்பிக்கும் முன்பே உங்கள் மாடலுக்கான புது சீலைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை உங்களிடமே விட்டுப் போகச் சொல்லுங்கள். அனலைசர் பிரிண்ட்டில் தேதியும் நேரமும் இருக்கிறதா பாருங்கள். லைசென்ஸ் அட்டையைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஆளை உள்ளேயே விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீடு என்றால் முதலில் அதை வாங்குங்கள். பர்னர் கதவை மட்டும் தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள்.

சீல், பலகை, ஒயர் எல்லாம் மாற்றி இப்போது ஓடுகிறது. துருப்பிடித்த சுருள் எத்தனை காலம் தாங்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. படங்களோடு பழைய கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த சர்வீஸுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம். லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பிடம் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.